கோடு போடுபவர் யார்? குடியிருப்பவர் யார்?

சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் அளவெடுக்கிறார். தோள் எவ்வளவு, மார்பு எவ்வளவு, கை முழுக்கையா அரைக்கையா, பை ஒன்றா இரண்டா என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக் கொள்கிறார். இரண்டு கெஜத் துணிக்கு இத்தனை கேள்வி! ஆனால், தோழர்களே, நாற்பது ஆண்டு நாம் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு, நம் பிள்ளைகள் நடக்கப் போகும் தெருவுக்கு, நம் தாய்மார்கள் தண்ணீர் பிடிக்கப் போகும் குழாய்க்கு, யாராவது வந்து அளவெடுத்தது உண்டா? "அம்மா, உங்கள் வீட்டில் எத்தனை பேர்? வேலைக்கு எங்கே போகிறீர்கள்? அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும்?" என்று கேட்டது உண்டா?

இல்லை. எங்கோ ஓர் அறை. அறையில் ஒரு நீண்ட மேசை. மேசை மேல் ஒரு வரைபடம். அதன் மீது குனிந்த தலைகள் நாலு. ஒரு கோடு இழுக்கப்படுகிறது. அந்தக் கோடு காகிதத்தில் ஒரு மயிரிழை; மண்ணில் அது முந்நூறு குடும்பம்! கோடு போட்டவர் மாலையில் தம் வீட்டுக்குப் போய்விடுகிறார். கோட்டின் மேல் குடியிருந்தவருக்கோ, போக வீடில்லை.

நகரமைப்பு என்றால் ஏதோ பொறியியல் படித்தவர் சங்கதி, நமக்கும் அதற்கும் என்ன என்று ஒதுங்குகிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம் என்று இந்த நாட்டில் பிரித்து வைத்தார்களே, அது என்ன? அதுவும் நகரமைப்புத் திட்டம்தான்! எந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம், எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கலாம், காற்று வீசும் திசையில் யார் வீடு, கழிவு ஓடும் திசையில் யார் வீடு என்று அத்தனையும் திட்டமிட்டுத்தான் போட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு நம் பாட்டனைக் கூப்பிட்டு யாரும் கருத்துக் கேட்கவில்லை. அந்தப் பழைய வரைபடத்தைக் கிழித்துப் புதுப்படம் போட்டதுதான் 1997-இல் கலைஞர் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம். ஒரே தெருவில், ஒரே அளவில், எல்லாச் சாதியாருக்கும் வீடு. ஆகவே தெருவின் அமைப்பு நமக்குப் புறம்பான பொருள் அல்ல. நம் இயக்கத்தின் அடிப்படைப் பொருளே அதுதான்.

சென்னைக்கு இந்தக் கலையைப் பற்றி முதலில் வந்து பேசியவர்களில் ஒருவர் ஓர் ஸ்காட்லாந்துக்காரர். பேட்ரிக் கெடிஸ் என்று பெயர். தாவர நூல் அறிஞர். பிறகு நகரங்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கியவர். உலகத்து நகரங்களின் படங்களையெல்லாம் திரட்டி, கண்காட்சியாக்கிக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார், 1914-இல். அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது எது தெரியுமா? எம்டன்! செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு வீசி, "சரியான எம்டன்" என்று நம் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டதே, அதே ஜெர்மானியக் கப்பல்தான். மனிதர் சோரவில்லை. நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

அவர் தஞ்சைக்குப் போனார், மதுரைக்குப் போனார். அப்போதைய நகராட்சிப் பொறியாளர்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும்: நெரிசலான தெருவா, இடி, நேராக அகலச் சாலை போடு. கெடிஸ் அந்தச் சந்துகளிலே நடந்தார். வெயிலில் நடந்தார், வீட்டுத் திண்ணைகளைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், கிணறுகளைப் பார்த்தார். விரலில் கொப்புளம் என்றால் காலையா வெட்டுவது என்பதுதான் அவர் கேள்வி. எந்தச் சுவர் இடிந்து கிடக்கிறதோ அதை எடு, எந்த மனை வெறுமையாய்க் கிடக்கிறதோ அதைத் திறந்த வெளி ஆக்கு, குடியிருப்போரைக் கலைக்காதே. செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்.

இந்தூரிலே அவர் செய்தது இன்னும் சுவையானது. 1917 வாக்கில், பிளேக் நோய் பிடித்து ஆட்டிய ஊர் அது. தீபாவளி வந்தது. நாம் தீபாவளி கொண்டாடுகிறவர்கள் அல்ல. ஏன் என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆண்டு அங்கே நடந்த கூத்து வேறு. ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருவில் அதிக வீடுகள் துப்புரவாகிப் பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்துவிட்டார். தெருவுக்குத் தெரு போட்டி! குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடையும் மாலையுமாக ஊர்வலத்தில் நடந்தார்கள். முடிவில் கொளுத்தியது யாரை? இராவணனை அல்ல! அழுக்கு அரக்கனையும் பிளேக் எலியையும் பொம்மை செய்து கொளுத்தினார்கள். எரிக்க வேண்டியதை எரித்த தீபாவளி!

கெடிசுக்கு நாம் சிலை வைக்கப் போவதில்லை. அவர் மக்களைப் பெருக்கச் சொன்னாரே தவிர, வரையச் சொல்லவில்லை. கோல் அவர் கையிலேதான் இருந்தது. ஆயினும், தெருவில் இறங்கி நடக்காமல் தெருவுக்குத் திட்டம் போடக்கூடாது என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் இந்த மண்ணில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கப்புறமும் நடக்காமலே கோடு போடுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

1970-இல் கழக ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. கோப்பு பார்த்துப் பழகிய அதிகாரியை அல்ல, இராம. அரங்கண்ணலை, ஓர் எழுத்தாளரை, தலைவராக அமர்த்தினார் கலைஞர். 1971-இல் தனிச்சட்டம் வந்தது. அன்றைய கொள்கை என்ன? குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே மாடி வீடு. கடலோரத்தான் கடலோரத்திலேயே, கூலிக்காரன் சந்தைக்குப் பக்கத்திலேயே. நகரத்தின் நடுவே, கோடிக்கணக்கில் விலை பெறும் நிலத்தில், ஏழைக்கு இடம் உண்டு என்று சொன்ன ஆட்சி அது. மார்தட்டிச் சொல்லலாம்.

ஆனால் ஒன்று. அப்போதும் கூட, வீடு எங்கே என்பதில் நியாயம் இருந்தது. வீடு எப்படி என்பதில் கேள்வி இல்லை. மூன்றாவது மாடியில் குடியேற்றப்பட்ட மீனவர் வலையை எங்கே உலர்த்துவார்? இட்லிக் கடை போட்டுப் பிழைத்த அம்மையார் மாடிப்படியிலா அடுப்பு வைப்பார்? மீனவரையே கேட்டிருந்தால், "ஐயா, கீழே ஒரு கொட்டகை போட்டுக் கொடுங்கள், எல்லார் வலையும் அதிலே கிடக்கட்டும்" என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

1977-இல் உலக வங்கிக் கடனில் ஒரு திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில், வீடு கட்டித் தராமல், மனையும் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் தெருவும் கொடுத்து, வீட்டை நீயே கட்டிக் கொள் என்றார்கள். உலக வங்கியிடம் நமக்குக் காதல் ஒன்றும் கிடையாது. ஆனால் போய்ப் பாருங்கள் அந்தத் தெருக்களை. முதலில் ஓர் அறை. மூத்த மகளுக்குத் திருமணம் ஆனபின் இன்னொரு அறை. மகன் வேலைக்குப் போனபின் மாடி. முன்புறம் ஒரு கடை. எந்த இரண்டு வீடும் ஒரே மாதிரி இராது. குடும்பம் வளர்வது போல வீடும் வளர்ந்தது. நாட்டிலே ஏழை அத்தனை பேரும் நல்ல கொத்தனாருக்குச் சமமாக வீட்டைப் பற்றி அறிந்தவர்கள் என்பதற்கு அந்தத் தெருக்களே சான்று.

அங்கிருந்து எங்கே வந்தோம்? 2000-க்குப் பிறகு கண்ணகி நகர். அப்புறம் செம்மஞ்சேரி. அப்புறம் பெரும்பாக்கம். கூவக்கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் ஆயிரமாயிரம் குடும்பங்களை லாரியில் ஏற்றி, இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கினார்கள். 2015 திசம்பர் வெள்ளத்துக்குப் பின் அந்த லாரிகள் இன்னும் வேகமாக ஓடின. வெள்ளத்திலிருந்து காக்கிறோம் என்றார்கள். கொண்டு போய் வைத்ததோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! கண்ணகி நகரின் முதல் வீடுகள் ஏறத்தாழ 200 சதுர அடி. பெரும்பாக்கத்தில் எட்டடுக்கு, மின்தூக்கி நின்றால் முழங்கால் வலிக்கும் பாட்டி என்ன செய்வாள் என்று வரைபடம் சொல்லவில்லை.

கண்ணகி என்று பெயர் வைத்தார்களே, நல்ல பெயர். அரசன் அவையிலே நின்று, தீர விசாரித்தாயா என்று கேட்டவள் பெயர். அவள் பெயர் கொண்ட நகருக்கு வந்து சேர்ந்தவர்களை யாரும் விசாரிக்கவில்லை.

மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிய அம்மாவுக்கு நடந்து போகிற தூரத்தில் வேலை இருந்தது. பெரும்பாக்கத்துக்குப் போனபின், விடியுமுன் எழுந்து இரண்டு பேருந்து மாறி வரவேண்டும். 2021 மே முதல் மகளிர்க்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. காசு மிச்சமாயிற்று, மறுப்பவர் யார்? ஆனால் போக வர மூன்று மணி நேரம் போனது போனதுதான். அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார், பார்த்துக் கொள்வது யார்? வேலையை விட்டவர்கள் உண்டு, வீட்டையே விட்டுவிட்டு மறுபடி நகருக்குள் வாடகைக்குத் திரும்பியவர்களும் உண்டு. இதெல்லாம் பின்னால் நிபுணர்கள் ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கண்டுபிடித்த உண்மைகள். அந்த அம்மாவை முன்னாலேயே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் சொல்லியிருப்பார்.

"கேட்டோமே! கூட்டம் போட்டோமே!" என்று கோப்பைக் காட்டுவார்கள். கூட்டம் போட்ட அழகைப் பார்ப்போம். வேலை நாள், காலை 11 மணி. கூலிக்குப் போனவர் வரமுடியுமா? மேடையில் ஆங்கிலத்தில் படம் ஓடும். திட்டம் முன்பே முடிவாகி ஒப்பந்தப்புள்ளியும் விட்டாயிற்று. வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தே பின்னால் "சம்மதம்" ஆகிவிடும். பெண் பார்க்கக் கூட்டிப் போவதாகச் சொல்லி, முடிந்துபோன திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்குகிற வேலை!

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். 2020-இல் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்து ஒரு வரைவு அறிக்கை விட்டது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றது. எந்த மொழியில்? ஆங்கிலத்தில், இந்தியில்! தூத்துக்குடி மீனவரும் நெய்வேலி உழவரும் இந்தி படித்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். சூன் 30-ஆம் நாள் டெல்லி உயர் நீதிமன்றம், எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்த்துக் கொடு என்று ஆணையிட்டது. உடனே கொடுத்தார்களா? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள்! மொழியுரிமை என்றால் இலக்கியம் பாடுவதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். தன் வீட்டை இடிக்கிற ஆணையைத் தன் மொழியில் படிக்க முடியாதவனுக்குக் குடியுரிமை இருந்து என்ன, இல்லாமல் என்ன?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எழும்பூரில் இருக்கிறது. அந்த மாளிகையின் பெயர் என்ன? தாளமுத்து நடராசன் மாளிகை. 1939-இல், இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை புகுந்து உயிர் நீத்த இரண்டு ஏழைத் தமிழர்கள். அவர்கள் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான் இந்த நகரத்தின் பெருந்திட்டம் வரையப்படுகிறது. 2008-இல் வந்த இரண்டாம் பெருந்திட்டத்துக்கு எல்லை 2026. அடுத்த திட்டம் 2027 முதல் 2046 வரைக்கும் என்று வகுக்கப்பட்டது. இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் வரை நீளுகிற திட்டம்! அது தமிழில் இருந்தால் மட்டும் போதாது, தெருத் தமிழில் இருக்க வேண்டும். "தளப்பரப்புக் குறியீடு" என்று பெயர்த்து எழுதிவிட்டால் தமிழாகிவிடுமா? "உன் வீட்டுக்குப் பக்கத்து மனையில் எத்தனை மாடி எழும், உன் முற்றத்துக்கு வெயில் வருமா, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்" என்று சொன்னால் அது தமிழ்.

"மக்களுக்கு என்னய்யா தெரியும்? அளவு தெரியுமா, சாய்வு தெரியுமா?" என்று கேட்கிற மேதைகள் இருக்கிறார்கள். புதிய குரல் அல்ல இது. 1920-இல் சென்னை மாகாணத் தேர்தலில் சொத்து உள்ளவனுக்கும் வரி கட்டுபவனுக்கும்தான் வாக்கு. எல்லாருக்கும் கொடு என்றபோது, படிக்காதவனுக்கு வாக்கா என்று சிரித்தார்கள். படிக்காதவன் வாக்களித்துத்தான் இந்த நாட்டில் பள்ளிக்கூடம் பெருகியது. கான்கிரீட்டில் கம்பி எத்தனை என்று நாம் பொறியாளரிடம் சொல்லப் போவதில்லை. அது அவர் படிப்பு. மழை பெய்தால் முதலில் எந்தத் திருப்பத்தில் தண்ணீர் நிற்கும், எந்தச் சந்தில் இரவிலே பெண்கள் நடக்க அஞ்சுகிறார்கள், எந்த மரத்தடியில் ஆட்டோ நிற்கும் என்பது நம் படிப்பு. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில் தொட்டால் உதிர்ந்தது சுவர்ப்பூச்சு. அதை நாட்டுக்குக் காட்டியது யார்? அங்கே குடியிருந்தவர்களின் விரல்!

வெளிநாட்டுக் கதை ஒன்று சொல்வோம். பிரேசில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே என்று ஒரு நகரம். 1989-இல் தொழிலாளர் கட்சி அந்த மாநகராட்சியைப் பிடித்தது. வரவுசெலவுத் திட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பகுதி பகுதியாக மக்கள் கூடி, இந்த ஆண்டு முதலில் குழாயா, சாலையா, பள்ளியா என்று தாங்களே வரிசைப்படுத்தினார்கள்; பேராளர்களைத் தேர்ந்து, பணம் போய்ச் சேர்ந்ததா என்று கண்காணித்தார்கள். 1988-இல் நூற்றுக்கு 75 வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு, 1997-இல் 98 ஆயிற்று. கட்சி 2004-இல் அங்கே தோற்றது. அப்புறம் அந்த முறையும் தேய்ந்து, 2017-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம், அது பழக்கமாக இருந்ததே தவிர, எந்த மேயராலும் அசைக்க முடியாத சட்டமாக இல்லை.

நமக்கோ, பாதிச் சட்டம் இருக்கிறது! 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வட்டக் குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கு விதி வந்தது 2022-இல். இருபத்தொன்பது ஆண்டு உறக்கம்! அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்கு கிராம சபை போல, நகரத்துக்குப் பகுதி சபை. சென்னையின் 200 வட்டங்களில் ஒவ்வொன்றும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கதவு திறந்தது; ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்னும் மனுக்கள்தாம். வேண்டியவைதாம், குறை சொல்லவில்லை. ஆனால் விளக்குக் கம்பம் எங்கே நடுவது என்று வரைகிற இடமாக அது மாறவேண்டாமா?

மாற்றுவது கடினமல்ல. கூட்டத்தை இரவு 7 மணிக்கு வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பள்ளிக்கூடத் திடலில் சுண்ணாம்பால் தெருவை வரையுங்கள். வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி. அவரவர் தம் வீட்டை வைக்கட்டும். நீல நூல் தண்ணீர், கறுப்பு நூல் சாக்கடை. தாய்மார்களுக்குத் தனி வட்டம் போடுங்கள். ஆண்கள் நிற்குமிடத்தில் கழிப்பறையைப் பற்றி அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். பிள்ளைகளையும் விடுங்கள், எந்த நாய் துரத்தும், எந்தப் பள்ளத்தில் கால் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பொறியாளர் தரையில் உட்காரட்டும். முடியாது என்று சொல்ல வேண்டியதை முடியாது என்று சொல்லட்டும். ஆனால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் தரட்டும். கட்டுமுன் ஒரே ஒரு மாதிரி வீடு கட்டி, ஒரு குடும்பத்தை ஒரு மாதம் இருக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பார்கள். ஆறு மாதம் பிடிக்கட்டும்! அறுபது ஆண்டு நிற்கப்போகிற சுவருக்கு ஆறு மாதம் அதிகமா?

நம் வட்டச் செயலாளர்களுக்கும் ஒரு சொல், கோபித்துக் கொள்ளாமல் கேட்கவேண்டும். "நான் சொன்னால் வட்டமே சொன்னமாதிரி" என்று சிலர் அதிகாரியிடம் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதிகாரிக்கும் அதுவே வசதி. ஆயிரம் பேரைக் கேட்பதற்குப் பதில் ஒருவரைக் கேட்டால் போதுமே! ஆனால் தோழரே, உமக்கு மாடியேற முழங்கால் வலிக்கவில்லை. நீர் மீன் கூடை சுமக்கவில்லை. உம் வேலை அவர்களுக்காகப் பேசுவது அல்ல. அவர்கள் பேசுமிடத்துக்கு நாற்காலி போடுவது. மாற்றுக் கட்சிக்காரரின் தெருவையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். சாக்கடைக்குக் கொடி கிடையாது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு நாட்கள் தெரியும்: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் பகுதி சபை எப்போது, எங்கே என்று மாமன்ற உறுப்பினரிடம் கேட்டு, தெருமுனைக் கரும்பலகையில் எழுதி வைக்கவேண்டும். போகும்போது மன்றத்திலிருந்து ஓர் அளவுநாடா, கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு பை தீப்பெட்டி எடுத்துப் போங்கள். வருகைப் பதிவேடு நீட்டப்படும். கையெழுத்துப் போடுமுன் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால், பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எழுதி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.